ஆறு கட்டிகளும் ஒரு யானையும்

ஒரு காட்டில் எல்லா மிருகங்களும் ஒற்றுமையாக வாழ்ந்து வந்தன என்று ஆரம்பித்தால் நீங்கள் நம்பப் போவதில்லை. எனவே, ஒரு காட்டில் பாலம் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள் என்று ஆரம்பிக்கிறேன். பாலம் கட்டிக்கொண்டே இருக்காத காடு எது?

காட்டின் நடுவே ஒரு ஆறு ஓடியது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் மிருகங்கள் இருந்தன, அந்தப் பக்கம் மூங்கிலும் பலாவும் இருந்தன. கோடையில் முழங்கால் அளவுதான் தண்ணீர். மணல் மேடாக இருக்கிற ஓரிடத்தில் இறங்கி எல்லோரும் நடந்தே போய்ப் பலாப்பழம் தின்றுவிட்டு வந்தார்கள். இது சிங்கராஜாவுக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. பக்கத்துக் காட்டு ராஜா பாலத்தில் போகிறாராம், இவர் மட்டும் பிடரியை நனைத்துக்கொண்டு போவதா?

ஆகவே அந்த மணல் மேட்டை ஒட்டியிருந்த பாறைகளுக்கு மேலே இருபதடி உயரத்தில், நடுவில் ஒரு தூண் நிறுத்தி, இந்தக் கரையிலிருந்து தூண் வரைக்கும் ஒரு தளம், தூணிலிருந்து அந்தக் கரை வரைக்கும் இன்னொரு தளம் என்று கான்கிரீட் போட்டார்கள். போட்ட அன்றைக்கே ராஜா அறிவித்துவிட்டார்.

"திறப்பு விழா அன்னிக்கு நான் அம்பாரியில உட்கார்ந்து முதல் ஆளா இந்தப் பாலத்தைக் கடப்பேன்."

எல்லோரும் கைதட்டினார்கள், யானை அங்கயற்கண்ணியைத் தவிர. அம்பாரியை யார் சுமப்பது? அவள்தான். அவளே நாலு டன் இருப்பாள். அம்பாரி, ராஜா, ராஜா தின்னப்போகிற தீனி எல்லாம் சேர்ந்தால் இன்னும் கூடும். போன வருடம் ஒரு கிணற்று மூடிமேல் தெரியாமல் கால் வைத்து, அது உடைந்து, ஒரு மழைக்காலம் முழுக்க நொண்டியவள் அவள். அது ஆறடிக் கிணறு. இது இருபதடி, கீழே பாறை. அவளுக்குப் பயம் வந்துவிட்டது, சாதாரணப் பயமில்லை, தின்ற மூங்கில் செரிக்காத பயம்.

நேரே தர நிர்ணய அதிகாரியைப் பார்க்கப் போனாள். அதிகாரி ஒரு கொக்கு, பெயர் ஏகாம்பரம். சுத்தமான வெள்ளை உடம்பு, எப்போதும் ஒற்றைக் காலில் நிற்பார். ஏனென்றால் இன்னொரு காலில் விதிப் புத்தகத்தைப் பிடித்திருப்பார். கெட்டவர் என்று சொல்லமுடியாது. ஒரு மீன் கூட வாங்கித் தின்றதில்லை. புத்தகத்தில் இருப்பது உலகத்தில் இருக்கும் என்று நம்புகிறவர், அவ்வளவுதான்.

"ஐயா, நான் ஏறினா பாலம் தாங்குமா?"

"அதைப் பார்க்கத்தானே அம்மா நான் வந்திருக்கிறேன்!" என்றார் ஏகாம்பரம் உற்சாகமாக. "கான்கிரீட் போட்டதும் உள்ளே சூடு ஏறும். ஒரு வாரம் வரை மணிக்கொரு தடவை அந்தச் சூட்டைப் பார்த்து எழுத வேண்டும். மேலே காயாமல் இருபத்தெட்டு நாள் ஈரமாக வைத்திருக்க வேண்டும். அதே கலவையில் ஆறு கட்டி போட்டு வைத்திருக்கிறோம். மூன்றை ஏழாம் நாளும் மூன்றை இருபத்தெட்டாம் நாளும் உடைத்துப் பார்ப்போம். எல்லாம் விதிப்படி நடக்கும். நீ நிம்மதியாகப் போ."

அங்கயற்கண்ணி பாதி நிம்மதியாகப் போனாள்.

அந்த ஆறு கட்டிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு சாண் அகலம் கூட இராது. அவற்றுக்கு இரும்பு அச்சு, அச்சுக்கு எண்ணெய். கலவையை மூன்று அடுக்காகப் போட்டு, அடுக்குக்கு முப்பத்தைந்து குத்து வீதம் கம்பியால் குத்தினார்கள். மறுநாள் அச்சிலிருந்து எடுத்து, தகரக் கொட்டகை நிழலில், குளிர்ந்த தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார்கள். தொட்டியில் வெப்பமானி தொங்கியது. இருபத்தேழுக்கு மேல் இரண்டு டிகிரி ஏறினால் பனை ஓலையால் விசிறினார்கள். வேலைகளை மேற்பார்க்கும் குரங்கு மேஸ்திரி வாலாயுதம், கட்டி போடும் கலவையில் மட்டும் இரண்டு கை சிமெண்ட் கூடுதலாகப் போட்டிருந்தான். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு நெய் ஊற்றிச் சோறு போட்டு அனுப்புவதில்லையா, அதுமாதிரிதான்.

தளத்துக்குத் தண்ணீர் விடும் வேலை எருமை மொக்கராசுவுக்குக் கிடைத்திருந்தது. அதற்கு முன்னால் அவனுக்கு வேலை கிடையாது, தேவையும் இருந்ததில்லை. இப்போது பாலத்தூண் நிற்கிற இடத்தில்தான் அவன் படுத்துக்கிடந்த குட்டை இருந்தது. குட்டையைத் தூர்த்துத் தூண் நட்டதால், பாதிக்கப்பட்டவருக்கு வேலை என்று எழுதிக் கொடுத்தார்கள். காலையும் மாலையும் குடம் குடமாகத் தூக்கி இரண்டு தளத்துக்கும் ஊற்ற வேண்டும்.

மொக்கராசு முதல் நாள் ஒரு குடம் தூக்கிப் பார்த்தான். இது தனக்கு ஒத்துவராது என்று அப்போதே புரிந்துவிட்டது. கொஞ்சம் யோசித்தான். எருமை யோசித்தால் அதன் முடிவில் படுக்கைதான் இருக்கும். இந்தக் கரைப்பக்கத்து முதல் தளத்தின் விளிம்பில் களிமண்ணால் சுற்றிலும் பாத்தி கட்டினான். ஆற்றிலிருந்து ஒரு மூங்கில் ஏற்றத்தை வைத்து ஒரே தடவையில் தண்ணீரை நிரப்பினான். உள்ளே இறங்கிப் படுத்துக்கொண்டான். முதுகு காய்கிறபோதெல்லாம் எழுந்து மறுபடி நிரப்பினான். சொந்த முதுகு என்பதால் இதில் ஒரு நாள் கூடத் தவறவில்லை.

இரண்டாம் தளத்துப் பக்கம் அவன் தலைவைத்தும் படுக்கவில்லை.

அது சித்திரை மாதம். இரண்டாம் தளத்தின்மேல் காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயில் கொளுத்தியது. உள்ளே சூடு பார்ப்பதற்காக இரண்டு தளத்திலும் கம்பி புதைத்து, கம்பியின் நுனியில் எண் காட்டும் பெட்டி மாட்டியிருந்தார்கள். கான்கிரீட் போட்ட மறுநாள் மத்தியானம் வாலாயுதம் இரண்டாம் தளத்துப் பெட்டியைப் பார்க்கப் போனவன், ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்துக் குதித்துக்கொண்டே திரும்பி வந்தான்.

"சார், உள்ளே எழுபத்து நாலு காட்டுது சார்."

ஏகாம்பரம் படிவத்தை விரித்தார். நெற்றியைச் சுருக்கினார். "படிவத்தில் எழுபது வரைக்கும்தானே கட்டம் இருக்கிறது. எழுபத்து நாலை எங்கே எழுதுவாய்?"

"ஓரத்துல எழுதட்டுமா சார்?"

"ஓரம் தைப்பதற்கு விட்டது. அதில் எழுதக்கூடாது."

வாலாயுதம் காலை ஊதிக்கொண்டே யோசித்தான். "அப்புறம் இன்னொரு விஷயம் சார். அங்கே நிக்கவே முடியல. உள்ளங்கால் வெந்துடுச்சு. மணிக்கொரு தடவை நான் எப்படிப் போய்ச் சூடு பார்க்கறது? சூடு பார்க்கப் போகமுடியாத அளவுக்குச் சூடா இருக்குதே."

"விதிப்படி பார்த்துத்தான் ஆக வேண்டும்."

"தொட்டியில இருக்கற கட்டி பாலத்தோட கட்டிதானே சார்?"

"ஆமாம். பாலத்தின் பிரதிநிதி அது."

"அப்ப கட்டியோட சூடுதானே பாலத்தோட சூடு?"

ஏகாம்பரம் புத்தகத்தைப் புரட்டினார். முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால். அது தப்பு என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அன்றிலிருந்து வாலாயுதம் கொட்டகை நிழலில் தொட்டியோரம் சாய்ந்துகொண்டு மணிக்கொரு தடவை இருபத்தேழு என்று எழுதினான். பிறகு மணிக்கொரு தடவை எழுவானேன் என்று காலையிலேயே சாயங்காலம் வரைக்கும் எழுதிவைத்தான். அதற்கும் பிறகு நாலாம் நாளே ஏழாம் நாள் வரைக்கும் எழுதிவிட்டான். பதிவேடு பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது.

ஏழாம் நாள் மூன்று கட்டிகளை உடைத்தார்கள், நன்றாகவே தாங்கின. அன்றைக்கே ஏகாம்பரம் மேற்பார்வைக்குக் கிளம்பி, முதல் தளத்தில் மொக்கராசு தண்ணீருக்குள் அசைபோட்டுக்கொண்டு கிடப்பதைக் கண்டுபிடித்தார்.

"என்னய்யா இது அக்கிரமம்! தளத்தின்மேல் அனுமதியில்லாத சுமை!"

"நான் சுமை இல்லைங்க சார். வேலைக்காரன்."

"எழுந்திரு!"

"எழுந்திருக்கச் சொல்லி எழுதிக் குடுங்க சார்."

ஏகாம்பரத்துக்கு இந்தப் பதில் உள்ளூரப் பிடித்துவிட்டது. விதிப்படிப் பேசுகிற எருமையை அவர் பார்த்ததில்லை. உடனே ராஜாவின் ஒப்புதலுக்கு ஒரு கோப்பு அனுப்பினார். கோப்பு நரியிடம் போய், முள்ளம்பன்றியிடம் போய், அங்கே குத்தி ஓட்டை விழுந்து, நகல் கேட்டுத் திரும்பி வந்து, மறுபடி போய், ஒப்புதலாகி வந்தபோது இருபத்தெட்டாம் நாள் ஆகியிருந்தது. அதுவரை மொக்கராசு எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கச் சொன்ன உத்தரவு கைக்கு வந்ததும் வேலை போய்விட்டது, அவனும் எழுந்து நடந்தான்.

அன்றைக்குத்தான் மீதி மூன்று கட்டிகளை உடைத்தார்கள். காடே கொட்டகையைச் சுற்றி நின்றது. எந்திரத்தின் இரண்டு இரும்புத் தட்டுக்கு நடுவில் கட்டியை வைத்து நசுக்கினார்கள். முள் ஏறிக்கொண்டே போய், கடைசியில் டப்பென்று உடைந்தது.

"முப்பத்தெட்டு நியூட்டன்!" என்று கத்தினார் ஏகாம்பரம். "வேண்டியது முப்பதுதான்! முப்பத்தெட்டு!"

ஒரே ஆரவாரம். நியூட்டன் என்றால் யாரென்று தெரியாத முயல்கூடத் துள்ளியது. அங்கயற்கண்ணி மட்டும் தும்பிக்கையைத் தூக்கினாள்.

"ஐயா, நான் இந்தக் கட்டிமேல நடக்கப் போறதில்லையே. பாலத்துமேல இல்ல நடக்கப் போறேன்?"

"அம்மா, எத்தனை தடவை சொல்வது? கட்டி பாலத்தின் பிரதிநிதி. பிரதிநிதி நன்றாக இருந்தால் பாலமும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்."

"பிரதிநிதி நல்லா இருந்தா மத்தவங்களும் நல்லா இருக்காங்கன்னு எந்தக் காட்டுல ஐயா நடந்திருக்கு?"

சிங்கராஜா இருமினார். முயல் துள்ளலைப் பாதியில் நிறுத்திக்கொண்டது.

"பாலத்தையே ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கக் கூடாதா?" என்று விடாமல் கேட்டாள் அவள்.

"கட்டி தோற்றால்தான் பாலத்தைச் சோதிக்க வேண்டும். கட்டி ஜெயித்துவிட்டதே. ஜெயித்தபிறகு பாலத்தைத் தட்டுவது கட்டியை அவமானப்படுத்துவது."

ஐந்து நாளில் திறப்பு விழா என்று ராஜா தேதி குறித்தார். மாட்டேன் என்று சொன்னால் ராஜத்துரோகம், ஏறினால் பாறை. அங்கயற்கண்ணி பாலத்தின் கீழே போய் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் முட்டியது. அப்போது வேலையிழந்த மொக்கராசு அந்தப் பக்கமாக வந்தான்.

"ஏன்க்கா அழுவுறே?"

"நான் ஏறினா இது தாங்குமாடா மொக்கராசு? உனக்காவது தெரியுமா?"

"நான் படுத்த பக்கம் தாங்கும்க்கா. குளுகுளுன்னு பாறை மாதிரி ஆகிடுச்சு. என் கொம்பே மழுங்கிப்போச்சு, பாரு."

"இன்னொரு பக்கம்?"

"உத்தரவு வந்த அன்னிக்கு அங்கே போய்ப் படுக்கலாம்னு பார்த்தேன். உடம்பைத் தேய்ச்சா மாவு மாவா உதிருது. எழுந்து பார்த்தா நான் வெள்ளை எருமையா இருக்கேன். கை நுழையற அளவுக்கு வெடிப்பு வேற."

"அடப்பாவி, அந்தப் பக்கமும் தண்ணி விடறதுதானேடா உன் வேலை!"

"நான் ஒருத்தன்தானேக்கா. ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல எப்படிப் படுக்கறது?"

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் இந்தக் காட்டிலேயே பாலத்தை உடம்பால் தொட்டுப் பார்த்தவன் இவன் ஒருத்தன்தான் என்பதும் தோன்றியது. திட்டாமல் விட்டுவிட்டாள்.

அன்று முழுக்க அவள் எதுவும் தின்னவில்லை. மறுநாள் காலையில் நிறையத் தின்றாள். அதன்பிறகு வாலாயுதத்திடம் போய், "அந்த இரும்பு அச்சு ஆறையும் குடு, ரெண்டு நாள்ல தந்துடறேன்" என்று வாங்கிக்கொண்டு புதருக்குப் பின்னால் போனாள்.

திறப்பு விழா அன்று காலை. வாழைமரம் கட்டியாகிவிட்டது. இந்தக் கரையில் நாடா கட்டியாகிவிட்டது. அம்பாரி தயார். அங்கயற்கண்ணி நிதானமாக நடந்து வந்து, ஏகாம்பரத்துக்கு முன்னால் ஒரு வாழையிலையை விரித்து, ஆறு கட்டிகளை வரிசையாக வைத்தாள். சதுரமாக, காய்ந்து, பழுப்பாக இருந்தன.

"இது என்ன அம்மா?"

"என் பிரதிநிதி ஐயா."

ஏகாம்பரம் குனிந்து பார்த்தார். சட்டென்று நிமிர்ந்தார். "இது சாணி!"

"யானைச் சாணி ஐயா. என்னிலிருந்து எடுத்தது. பாலத்துக்காகக் கட்டி பரீட்சை எழுதுச்சு. எனக்காக இது பாலம் கடக்கட்டும்."

கூட்டம் சிரித்தது. ஏகாம்பரம் சிரிக்கவில்லை. அவர் வாழ்க்கையில் இப்படி ஒரு விண்ணப்பம் வந்ததில்லை. புத்தகத்தைத் திறந்தார்.

"எல்லாம் ஒரே யானையிலிருந்து எடுக்கப்பட்டதா?"

"ஒரே யானை."

"ஒரே நாளிலா?"

"ஒரே நாள் காலையில."

"விதிப்படி அச்சில் போட்டதா?"

"உங்க அச்சுதான் ஐயா. எண்ணெய் தடவி."

"மூன்று அடுக்கு?"

"மூணு அடுக்கு. அடுக்குக்கு முப்பத்தைஞ்சு குத்து. எண்ணிக்கிட்டேதான் குத்துனேன்."

"ஆனால் எடை..." என்று இழுத்தார் ஏகாம்பரம். "உன் எடை இதில் இல்லையே."

"பாலத்தோட எடை உங்க கட்டியில இருந்துச்சா ஐயா?"

ஏகாம்பரம் புத்தகத்தை மூடினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "இத்தனை வருட சேவையில் விதியைப் புரிந்துகொண்ட முதல் ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்," என்றார். பதிவேட்டை எடுத்து, 'யானை: மாதிரி ஏற்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சிங்கராஜா முட்டாள் இல்லை. முட்டாளாக இருந்தால் இத்தனை நாள் ராஜாவாக இருக்க முடியாது. கொக்கைத் தனியே அழைத்தார்.

"ஏகாம்பரம், அவ ஏறாத பாலத்துல நான் எதுல உட்கார்ந்து போறது? என் பிடரியில ரெண்டு மயிர் எடுத்துக்க. அதுவும் நான்தானே?"

"சந்தேகமில்லாமல், ராஜா."

இதைக் காதில் வாங்கிய மான் ஒரு கொம்புச் சில்லைக் கொடுத்தது. மயில் ஒரு இறகைக் கொடுத்தது. முயல் கொடுக்க எதுவுமில்லாமல் தும்மி, அதை ஒரு இலையில் பிடித்துக் கொடுத்தது. எல்லாவற்றையும் ஒரு தாம்பாளத்தில் வைத்தார்கள். அரச மயிரும் சாணியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாமா என்று கொஞ்ச நேரம் விவாதம் நடந்தது. நடுவில் ஒரு வெற்றிலையை நிறுத்தி அதைத் தீர்த்தார்கள்.

"வாலாயுதம், நீ எடுத்துக்கிட்டுப் போ," என்றார் ராஜா.

வாலாயுதம் தாம்பாளத்தை வாங்கினான். நாடாவுக்கடியில் குனிந்து நுழைந்து, முதல் தளத்தில் விறுவிறுவென்று நடந்தான். தூணுக்கு மேலே வந்ததும் நின்றான். எதிரே இரண்டாம் தளம் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. அந்தத் தளத்துக்கு அவன்தான் இருபத்தேழு என்று எழுதியவன். எத்தனை இருபத்தேழு என்று அவனுக்குத்தான் தெரியும். வால் தானாகவே சுருண்டது.

"என்னப்பா நிக்கறே?" என்று கரையிலிருந்து குரல் கொடுத்தாள் அங்கயற்கண்ணி. "முப்பத்தெட்டு நியூட்டன் இருக்கே!"

வாலாயுதம் பின்னோக்கியே நடந்து திரும்பி வந்தான். வாலிலிருந்து ஒரு மயிரைப் பிடுங்கித் தாம்பாளத்தில் வைத்தான். "சார், நானும் மாதிரி குடுத்துடறேன் சார்."

இப்போது எல்லோரும் ஏகாம்பரத்தைப் பார்த்தார்கள். ஏகாம்பரம் பாலத்தைப் பார்த்தார். பிறகு பதிவேட்டைப் பார்த்தார். மறுபடியும் பாலத்தைப் பார்த்தார். முதல்முறையாக அவர் இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்றார்.

"நான் ஏறுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை," என்றார் மெதுவாக. "ஆனால் நான் அதிகாரி. என் எடையும் சேர்ந்தால் சோதனையின் முடிவு கெட்டுவிடும்."

மாதிரிகளை ஒவ்வொன்றாக அலகில் கவ்விக்கொண்டு, பாலத்துக்கு ஓரடி உயரத்தில் பறந்து, அந்தக் கரையில் கொண்டுபோய் வைத்தார். சாணிக் கட்டியைக் கொண்டுபோகும்போது முகம் கோணியது. மூக்கைப் பொத்திக்கொள்ள வழியில்லை, மூக்கால்தான் தூக்கியிருந்தார். பதினொரு நடை போய் வந்து பதிவேட்டில் எழுதினார்: 'சிங்கம் கடந்தது. யானை கடந்தது. மான், மயில், முயல், குரங்கு கடந்தன. பாலம் தாங்கியது.'

ராஜா நாடாவை வெட்டினார். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

விருந்து அந்தக் கரையில் ஏற்பாடாகியிருந்தது. பலாப்பழ வாசனை இந்தப் பக்கம் வரை வந்தது. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், மணல் மேட்டுப் பக்கமாக ஆற்றில் இறங்கி நடந்தார்கள். ராஜா பிடரியை நனைத்துக்கொண்டு நடந்தார். அங்கயற்கண்ணி கடைசியாக இறங்கினாள். முழங்கால் தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது. நான்கு காலும் முழுசாக இருந்தன. ஒரு மாதமாக அவள் அடக்கிவைத்திருந்த பெருமூச்சை விட்டபோது ஆற்றில் அலையடித்தது.

பாலத்தின் இரண்டாம் தளத்து விளிம்புக்குக் கீழே வரும்போது, யாரும் ஏறாத அந்தத் தளத்திலிருந்து தேங்காயளவு காரை பெயர்ந்து ராஜாவின் தலைக்கு அரையடி தள்ளித் தண்ணீரில் விழுந்தது.

ராஜா அண்ணாந்து பார்த்தார். "என்ன ஏகாம்பரம் இது?"

ஏகாம்பரம் பறந்துகொண்டே பதிவேட்டைப் புரட்டினார். "ஒன்றுமில்லை ராஜா. பாலத்தின் பிரதிநிதி. நம்மைப் போலவே அதுவும் ஆற்றைக் கடக்கிறது."

"அப்படியா," என்றார் ராஜா, வேகமாக நடந்துகொண்டே. "குறிச்சுக்க."

நீதி: ஏட்டில் தாங்குகிற பாலத்தை ஏட்டிலேயே கடந்துவிட வேண்டும், கால்களை ஆற்றுக்கென்று பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.